வீரனுக்கு ஈந்த வண்டிவீடு

ஈதல் எளிது, ஏற்பவன் நிலையறிந்து ஈதல் அரிது. பசித்தவனுக்குச் சோறும், குளிரால் நடுங்குபவனுக்குப் போர்வையும் கொடுக்குங்கால் கொடுப்பவன் நெஞ்சில் ஐயம் ஒன்றும் எழுவதில்லை. தேவை யாது என்பது கண்முன் நிற்கின்றது. ஆயின், நாட்டின் பொருட்டுப் போர்க்களம் புகுந்து, காலையோ கையையோ மனஅமைதியையோ இழந்து மீண்ட வீரனுக்கு எதனைக் கொடுப்பது? அவன் இழந்ததை எவராலும் திருப்பித் தர இயலாது. பொன்னும் பொருளும் அவ்விழப்புக்கு ஈடாகா. புகழுரையோ விழா முடிந்ததும் காற்றோடு கலந்து விடும். ஆதலின், அத்தகையோனுக்குக் கொடை வழங்க எண்ணுவோர் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வினாவிற்குச் சிலர் தம் கைகளாலேயே விடையளித்து வருகின்றனர். மரவேலை அறிந்தோரும், இரும்பு வேலை அறிந்தோரும், தொழில் பயிலும் மாணவரும், அண்டை அயலாரும் ஒன்றுகூடி, காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத்தக்க சிறு வீடு ஒன்றைத் தாமே செய்து, முன்னாள் படைவீரர் ஒருவருக்குப் பரிசாக ஈகின்றனர். ‘கேம்பர்’ என அந்நாட்டார் வழங்கும் இதனைத் தமிழில் வண்டிவீடு எனலாம். கடையில் விலைகொடுத்து வாங்கத்தக்க ஒரு பொருளை, மாலைப் பொழுதுகளையும் விடுமுறை நாள்களையும் செலவிட்டுக் கையால் செய்து கொடுப்பானேன்? இக்கொடை சிறப்புடையதா? சிறப்புடையதாயின், எப்பொழுது சிறப்புறும்? இவை ஆராயத்தக்க வினாக்கள்.

வண்டிவீடுகளுள் மிகச் சிறியது கண்ணீர்த்துளி வடிவினது. முன்புறம் பருத்து வளைந்தும், பின்புறம் சரிந்து ஒடுங்கியும் இருப்பதால் அப்பெயர் பெற்றது. 1930களில் அந்நாட்டில் இவ்வடிவம் பரவியது. கைத்தொழில் இதழ்கள் இதன் வரைபடங்களை வெளியிட்டமையால், ஆயுதப் பெட்டி ஒன்றும் அளவுகோல் ஒன்றும் உடையோர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே இதனைச் செய்யத் தொடங்கினர். ஒட்டுப்பலகை அங்கு 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உடையதாய் விற்கப்படுகின்றது. அப்பலகையின் அளவே வண்டிவீட்டின் அளவாகவும் அமைந்தது. பக்கத்திற்கு ஒரு பலகை; அடியில் இரும்புச் சட்டமும் ஓர் அச்சும் இரண்டு சக்கரங்களும்; மேலே அலுமினியத் தகடு. உள்ளே இருவர் படுக்க இடம் உண்டு. நிற்க இடம் இல்லை. பின்புறக் கதவைத் தூக்கினால் அடுப்பும் பாத்திரமும் வைத்தற்குரிய சிறு சமையலறை தோன்றும். சமைப்பவர் வெளியே நின்று சமைப்பார். அடுப்பின் நச்சுப்புகை உறங்கும் அறையிற் புகாமைக்கு இவ்வமைப்பு ஏற்றதாகும்.

இத்தகைய சிறு வீட்டிற்கும் போர்வீரனுக்கும் உள்ள தொடர்பு யாது? போர் முடிந்து வீடு திரும்பிய வீரன் உடனே வீட்டில் நிலைகொள்வான் என்று எண்ணுதல் தவறு. அவன் உடல் ஊருக்கு வந்து சேர்ந்த பின்னரும் உள்ளம் நெடுநாள் களத்திலேயே நிற்பதுண்டு. பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஏர்ல் ஷாபர் என்பவர் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவர் இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் பணிபுரிந்தவர். அவருடைய இளமை நண்பர் ஐவோ ஜிமா தீவில் நிகழ்ந்த போரில் உயிர் துறந்தார். அத்துயரோடு ஊர் திரும்பிய ஷாபருக்கு மனம் அமைதி கொள்ளவில்லை. 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஜார்ஜியா மாநிலத்து மலையொன்றிலிருந்து புறப்பட்டு, அப்பலாச்சிய மலைத்தொடரின் காட்டுப் பாதை வழியே 2,000 மைலுக்கு மேல் நடந்து, ஆகஸ்டுத் திங்களில் மேய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையுச்சியை அடைந்தார். 124 நாள்கள் நடந்தார். அப்பாதை முழுவதையும் ஒரே பயணத்தில் நடந்து முடித்ததாகப் பதிவு செய்த முதல் மனிதர் அவரே. படைவாழ்வின் சுமையை உள்ளத்தினின்று நடந்தே கழிக்க விரும்பியதாக அவர் கூறினார்.

ஷாபருக்கு இரண்டு கால்கள் இருந்தன, நடந்தார். கால் இழந்தவர் எவ்வாறு அக்காட்டின் அமைதியை அடைவது? முதுகெலும்பு முறிந்தவர் தரையில் விரித்த பாயில் எவ்வாறு உறங்குவது? நள்ளிரவில் கனவு கண்டு அலறி எழுபவர், அயலார் நிறைந்த விடுதியில் எவ்வாறு கூச்சமின்றித் தங்குவது? இத்தகையோருக்கு வண்டிவீடு உதவுகின்றது. தன் படுக்கை, தன் மருந்து, தன் அடுப்பு ஆகியவற்றை உடன்கொண்டு, வேண்டும்போது புறப்பட்டு, வேண்டும் இடத்தில் தங்கி, வேண்டாதபோது விலகிச் செல்லும் உரிமையை அது தருகின்றது. படையில் பிறர் ஆணைக்கு நடந்தவனுக்கும், மருத்துவமனையில் பிறர் உதவிக்குக் காத்துக் கிடந்தவனுக்கும் இவ்வுரிமையினும் இனியது பிறிதில்லை.

எனினும் ஒன்றை முதலில் தெளிதல் வேண்டும். அன்பினால் வழங்கும் கொடை வேறு; அரசு செலுத்த வேண்டிய கடன் வேறு. முன்னது பின்னதற்கு ஈடாகாது. அமெரிக்க வரலாறே இதனை உணர்த்துகின்றது. முதல் உலகப்போரில் பணியாற்றியோருக்கு ஊக்கத்தொகை வழங்குவதாக 1924-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயின் அத்தொகை 1945-ஆம் ஆண்டிலேயே கிடைப்பதாக இருந்தது. இடையில் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்துற்றது. வேலையும் உணவும் இழந்த முன்னாள் வீரர் பல்லாயிரவர் 1932-ஆம் ஆண்டில் மனைவி மக்களோடு வாஷிங்டன் நகரை அடைந்து, கிடைத்த தகரத்தாலும் பலகையாலும் குடிசை கட்டித் தங்கி, தமக்குரியதை உடனே தருமாறு வேண்டினர். அவ்வாண்டு ஜூலை 28-ஆம் நாள் படையினரே அவர்களை விரட்டினர், குடிசைகள் தீக்கிரையாயின. அத்தொகையை முன்னதாகவே வழங்கும் சட்டம் 1936-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது.

அவ்விழிநிலை மீண்டும் வாராமைப் பொருட்டு, 1944-ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் வீரர்க்கெனப் புதிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கல்வியும், தொழிற்பயிற்சியும், வீடு வாங்கக் கடனுதவியும் அதன்வழிக் கிடைத்தன. ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அச்சட்டத்தின்கீழ்க் கல்வியும் பயிற்சியும் பெற்றனர். 1946-ஆம் ஆண்டிலோ, அப்போரில் கால் இழந்தோர் கார் வாங்குவதற்கு ஒவ்வொருவருக்கும் 1,600 டாலர் வரை அரசே அளிக்கச் சட்டம் பிறந்தது. வீரன் இயங்க வேண்டும் என்பதனை அந்நாட்டரசு அன்றே ஒப்புக்கொண்டது. ஆதலின், அயலார் கூடிச் செய்த வண்டிவீட்டைக் காட்டி, ‘இவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது’ என்று எவரும் கூறலாகாது. மருத்துவமும் ஓய்வூதியமும் அவன் உரிமை. உரிமையைக் கேட்டுப் பெறுவதில் நாணமில்லை; அதனைக் கொடாமல் நிறுத்துவதிலேயே நாணம் உண்டு. உரிமை நிறைந்த பின்னர், அதன்மேல் வைக்கும் மலரே கொடை.

‘அவ்வாறாயின், பணமாகக் கொடுத்துவிடலாமே! பயன் அறிந்து அவனே செலவிடுவான்’ என்று சிலர் கூறுவர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. வாடகை கொடுக்க வழியின்றித் தவிப்பவனுக்கு வண்டிவீடு கொடுத்தல், தாகத்தால் வாடுபவனுக்குச் சந்தனம் பூசுதல் போலாகும். அந்நிலையில் பணமே தக்க உதவி. ஆனால், அடிப்படைத் தேவைகள் நிறைந்தும் தனிமையால் வாடுவோர் பலர் உளர். போரிலிருந்து மீண்டவனை வருத்தும் எண்ணங்களுள் ஒன்று, ஊரார் தன்னை மறந்தனர் என்பது. பணம் அவ்வெண்ணத்தை மாற்றாது. ஒரு பலகையை அளந்து, அறுத்து, இழைத்து, பொருத்தி, பிழையானபோது கழற்றி மீண்டும் பொருத்திய ஒவ்வொரு நாழிகையிலும் செய்பவன் அவ்வீரனை நினைத்தான் என்பது அப்பொருளிலேயே பதிந்து நிற்கின்றது. கைவினைக் கொடையின் மதிப்பு அந்நினைவில் உள்ளது.

ஆயினும், நினைத்தல் மட்டும் போதாது. அறிந்து நினைத்தல் வேண்டும். ஊர்தியையே கொடையாக ஈந்த ஒருவனைத் தமிழ் இலக்கியம் அறியும். பறம்பு மலைத் தலைவனாகிய பாரி, கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே ஈந்தான். பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான். பெறுவது யாது, அதனால் அப்பெறுபொருளைப் பயன்படுத்த இயலுமா என்றெல்லாம் ஆராயாமல், இரக்கம் பெருகிய அக்கணமே ஈந்த இப்பெருந்தன்மையைச் சான்றோர் கொடைமடம் என்று பெயரிட்டுப் போற்றினர். அது வள்ளல்களுக்கு அழகு. முல்லைக்கு வாயில்லை, மயிலுக்கும் மொழியில்லை. அவற்றைக் கேட்டறிந்து கொடுத்தல் எவர்க்கும் இயலாது. ஆனால் போர்வீரனுக்கு வாயுண்டு, விருப்பு வெறுப்பு உண்டு, மானம் உண்டு. அவனிடம் கேளாமலே கொடுத்தல் இரக்கமாகலாம், மதிப்பாகாது. ஆகவே அவனுக்கு ஈயுமிடத்து வேண்டுவது கொடைமடமன்று, கொடையறிவு.

இக்கொடையறிவு வண்டிவீட்டின் ஒவ்வோர் அளவிலும் வெளிப்படுதல் வேண்டும். சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவருக்கு அதனைச் செய்வதாகக் கொள்ளலாம். வண்டியின் தளம் நிலத்தினின்று 18 அங்குல உயரத்தில் உள்ளது. ஏறிச் செல்லச் சாய்தளம் அமைத்தல் வேண்டும். ஓர் அங்குல உயரத்திற்கு 12 அங்குல நீளம் வேண்டும் என்பது அமெரிக்காவில் சாய்தளங்களுக்கு வகுத்த விதி. அவ்விதிப்படி 18 அங்குல உயரத்திற்கு 18 அடி நீளமுள்ள சாய்தளம் தேவை. வண்டிவீடோ 8 அடி நீளமே உடையது. வீட்டினும் இருமடங்கு நீண்ட படியை அவ்வீட்டில் எங்கே ஏற்றுவது? நல்லெண்ணம் கொண்ட தச்சன் சாய்தளத்தைக் குறுக்கிச் செங்குத்தாக வைத்துவிட்டால், வீரன் தன் பரிசிற்குள் நுழையும்போதே பிறரைத் துணைக்கு அழைக்க நேரும். அறிவுடைய தச்சனோ வேறு வழி காண்பான். தளத்தைத் தாழ்த்துவான்; அன்றிப் படுக்கையை நாற்காலியின் இருக்கையோடு ஒத்த உயரத்தில் அமைத்து, கதவை அகலமாக்கி, பற்றுதற்குக் கைப்பிடி வைப்பான். வீரன் நாற்காலியை அருகே நிறுத்திக் கைகளை ஊன்றித் தானே படுக்கைக்கு மாறிக்கொள்வான். அத்தச்சன் இதனை வரைபடத்தில் கற்க இயலாது. அவ்வீரனோடு ஒருநாள் அமர்ந்து, அவன் கை எட்டும் தொலைவை அளந்தே கற்றல் வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படும் ஊனம் ஒருவகை. புலப்படாத ஊனம் மற்றொருவகை. போர் அதிர்ச்சியால் விளையும் மனநோய் நெடுங்காலம் கோழைமை என்றே இகழப்பட்டது. வியட்நாம் போருக்குப் பின்னர், 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் அதனைத் தனி நோயாக ஏற்றுத் தன் நூலில் சேர்த்தது. இந்நோய் உடையோருள் சிலர் அடைபட்ட இடத்தில் மூச்சடைப்பது போல் வருந்துவர். வாயில் தம் பின்னே இருத்தலைப் பொறார். சிற்றொலி கேட்டும் திடுக்கிடுவர். இத்தகையோருக்குச் செய்யும் வண்டிவீட்டில் இருபுறமும் கதவு வைத்தலும், படுத்தபடியே வெளியே காணச் சாளரம் அமைத்தலும், கதவுகள் ஓசையின்றி மூடுமாறு செய்தலும் அழகுக்குரியன அல்ல, உறக்கத்திற்குரியன. ஆயின், இவற்றுள் எது வேண்டும் என்பதை அவ்வீரனே கூறுதல் வேண்டும். ஒருவருக்கு இதமானது மற்றொருவருக்கு இடராதல் உண்டு.

அன்பு மிகுதியால் தொழில்நுட்பத்தைப் புறக்கணித்தலும் பிழை. இழுவண்டியின் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை முன்னுள்ள கொக்கியின்மேல் தங்குதல் வேண்டும். 600 கிலோகிராம் எடையுள்ள வண்டியாயின், கொக்கியின்மேல் 60 முதல் 90 கிலோகிராம் வரை நிற்க வேண்டும். அதனினும் குறைந்தால், வேகமாகச் செல்லும்போது வண்டி வால்போல் அலைந்து, இழுக்கும் காரையும் நிலைகுலையச் செய்யும். பின்புறச் சமையலறையில் அளவின்றிப் பண்டங்களை அடுக்குதல் இக்கேட்டிற்கு வழி வகுக்கும். போரில் உயிர் தப்பியவனை நெடுஞ்சாலையில் இடருக்கு உள்ளாக்கும் கொடை கொடையாகாது. திறமை இல்லாத அன்பு, திறமையுடையோரின் துணையை நாடுதல் வேண்டும்.

கொடுத்தபின் வரும் செலவையும் கொடுப்போர் எண்ணுதல் வேண்டும். வண்டியைப் பதிவு செய்தல், டயர் மாற்றுதல், மழை ஒழுகாமல் பேணுதல், நிறுத்த இடம் தேடுதல் ஆகியவை ஆண்டுதோறும் உள்ளன. இவற்றைத் தாங்க இயலாதவனுக்குப் பரிசே சுமையாகும். விற்றால் நன்றிகெட்டவன் என்னும் பழியும் வந்து சேரும். பரிசோடு வரைபடத்தையும் ஆயுதப் பெட்டியையும் கொடுத்து, பழுது பார்க்கவும் கற்பித்து, ‘விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம், வேண்டாவிடில் விற்கவும் செய்யலாம்’ என்று கூறும் கொடையாளரே முழுமையாகக் கொடுத்தவர் ஆவர்.

மற்றொரு பிழை, விளம்பரம். வண்டியின் பக்கமெங்கும் கொடுத்தோர் பெயரைப் பெரிய எழுத்தில் தீட்டுதலும், ‘இது வீரருக்கு அளித்த கொடை’ எனப் பொறித்தலும் ஒரு சிலர் வழக்கம். அமைதியை நாடிக் காட்டிற்குச் செல்லும் வீரன், நிறுத்துமிடந்தோறும் தன் காயத்தின் கதையைக் கேட்போர்க்கெல்லாம் உரைக்க நேரும். அவன் வீட்டை ஈந்தோமா, விளம்பரப் பலகையை இழுக்கும் வேலையை ஈந்தோமா என்று அத்தகையோர் தம்மைத்தாமே வினவிக்கொள்ளுதல் நன்று. பெயர் எழுதியே ஆகவேண்டுமாயின், உட்புறப் பலகையின் மூலையில் சிறிதாக எழுதலாம். உறங்குமுன் அவன் கண்ணில் படின், அதுவே போதும்.

இவை யாவற்றினும் மேலான வழி ஒன்று உண்டு. இயலுமாயின், அவ்வீரனையும் அவ்வேலையில் பங்கு கொள்ளச் செய்தல் வேண்டும். முதல் உலகப்போரின் இறுதியில், 1918-ஆம் ஆண்டில், அமெரிக்கப் படையின் மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற மகளிர், காயமுற்ற வீரர்க்கு மரவேலை, நெசவு, கூடை முடைதல் முதலிய கைத்தொழில்களைக் கற்பித்தனர். தளர்ந்த கை வலிவு பெற்றது. தளர்ந்த உள்ளமும் ஊக்கம் பெற்றது. உளிபிடிக்கும் கை இரக்கத்தை எதிர்நோக்கி நீளும் கையன்று. தான் இழைத்த பலகையும் தன் வீட்டில் உண்டு என்றறிபவன், பரிசு பெற்றவனாக மட்டும் நில்லான், படைத்தவனாகவும் நிமிர்வான்.

மாண்ட வீரரை நினைத்தற்குக் கல் நடுதல் பல நாட்டிலும் உள்ள வழக்கம். தமிழகத்தில் நடுகற்கள் உள்ளன. வாஷிங்டன் நகரில் 1982-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கருங்கற் சுவரில், வியட்நாம் போரில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஆகிய 58,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கல் அசையாது நிற்றலே தகும். மாண்டோர் புகழ் நிலைத்திருத்தல் வேண்டுமன்றோ! ஆனால் மீண்டு வந்தவன் வாழ்பவன். வாழ்பவனைக் கல்லைப்போல் ஒரு மேடையில் நிறுத்திப் போற்றுதல் அவன் வாழ்வைப் போற்றுவதாகாது. அவனுக்கு வேண்டுவது அசைவு.

2020-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் முதல், அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் முன்னாள் படைவீரர்க்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தாங்கள் காத்த நாட்டின் மலைகளையும் அருவிகளையும் அவர்கள் கண்டு மகிழ அரசு வாயிலைத் திறந்துள்ளது. அவ்வாயில் வரை செல்ல அயலார் சிலர் வண்டிவீடு செய்து கொடுக்கின்றனர். அரசின் கடனும் மக்களின் அன்பும் அவ்வாயிலில் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

கொடையின் பெருமையைப் பொருளின் விலையால் அளப்போர் உளர்; கொடுத்தோர் புகழால் அளப்போரும் உளர். இரண்டும் சரியான அளவுகோல் அல்ல. மலையடிவாரத்தில் ஒரு மாலைப்பொழுது, உதவிக்கு எவரையும் அழையாமல், தன் கதவைத் தானே திறந்து, தன் அடுப்பைத் தானே மூட்டி, தன் படுக்கையில் தானே ஏறி, அச்சமின்றி ஒருவன் உறங்குவானாயின், அவ்வுறக்கமே அக்கொடையை அளக்கும் கோல். அதனை அவனுக்கு அளிக்க விரும்புவோர் முதலில் எடுக்க வேண்டியது உளியன்று. அவன் அருகே அமர்ந்து, ‘உமக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டு, அவன் கூறும் வரை காத்திருத்தலே முதல் வேலை.